நாடிகள் ஒன்றாய்த் துடித்த வார்டு

அந்த விண்வெளி நிலையத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டே டாக்டர்கள். ஒருவர் பெரிய டாக்டர். இன்னொருத்தி சின்ன டாக்டர், வயசு இருபத்தாறு. வயசில் மட்டுமில்லை, ஆளும் சின்னவள்தான். மேல் கட்டில் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்க ஒரு முக்காலியைப் போட்டு ஏறுவாள். 'ஏணி வெச்சு வைத்தியம் பாக்குற டாக்டர்' என்று சுமை ஏற்றுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சளைக்க மாட்டாள். "சிரிங்க, சிரிங்க. ஊசி எங்கிட்டதான இருக்கு" என்பாள்.

நிலையம் ஒரு பெரிய சக்கரம் போல இருக்கும். உள்வட்டத்தில் வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. வெளிவட்டத்தில் கிடங்குகள். அந்தப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் வெறும் வெளிதான் என்பதால் அங்கே எப்போதும் விரல் விறைக்கும் குளிர். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற கப்பல்கள் தண்ணீர் பிடிக்கவும் பழுது பார்க்கவும் அங்கே வந்து நிற்கும். சின்ன டாக்டர் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்தவள். வறண்ட காற்றால் வரும் சொறி, கதவிடுக்கில் நசுங்கிய விரல், முதுகுவலி, பிரசவம், இவைதான் அவள் அன்றாடம் பார்த்த வைத்தியம்.

அவளுக்கென்று இருந்தது அக்காவும் அத்தானும்தான். அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. அம்மா போன நாளிலிருந்து தங்கைக்குத் தலை வாரியவள், பாடம் ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டவள், மருத்துவப் படிப்பு பாதியில் கசந்தபோது முதுகில் ரெண்டு போட்டு அனுப்பியவள். அத்தானுக்கு நிலையத்தின் வெப்பக் குழாய்கள் எல்லாம் பொறுப்பு. எந்தத் தெருவுக்கு எவ்வளவு சூடு போகிறது என்பதைக் குழாயைத் தொட்டே சொல்லிவிடுவார். வாயைத் திறந்து பேசுவது மட்டும் அபூர்வம். "உங்க அத்தான் பேசுறதுக்குள்ள ஒரு கப்பல் வந்துட்டுப் போயிடும்" என்பாள் அக்கா.

அந்த வருஷம் ஒரு கப்பல் வந்தது. கப்பலுக்கு முன்னாலேயே சேதி வந்திருந்தது. அது புறப்பட்ட ஊரில், ஒளியே போய்ச் சேர நாலு வருஷம் ஆகும் தூரத்தில், ஒரு கொள்ளைநோய் பரவி மூன்றில் ஒருவரைக் கொண்டுபோயிருந்தது. 'நோய் கண்டவர் உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். எப்பாடு பட்டாவது சூடாக வைத்திருங்கள்' என்று அந்த ஊர் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே கப்பல்காரர்களை நாற்பது நாள் தனியே வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தும்மல்கூட இல்லை. ஆட்களைச் சோதித்தார்களே ஒழிய, வழியில் நடு இருட்டில், அந்த ஊரும் தண்ணீருக்காக வெட்டும் அதே இடத்தில், அவர்கள் வெட்டி ஏற்றிவந்த பனிக்கட்டியை யாரும் சந்தேகப்படவில்லை.

பனிக்கட்டியை இறக்கிய ஆறு பேருக்குத்தான் முதலில் வந்தது. அடுத்த வாரத்துக்குள் ஒரு வார்டில் மட்டும் பத்தொன்பது பேர்.

நடுக்கத்தில் ஆரம்பிக்கும். பிறகு நகத்தடியில் மயிரிழை போல நீலக் கோடு ஓடும். உடம்பு மணிக்கு மணி குளிரும். சேதியில் சொன்னபடியே செய்தார்கள். அத்தான் தெருக்களுக்குப் போகும் சூட்டையெல்லாம் குறைத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். வார்டு அடுப்படி போலக் கொதித்தது. சின்ன டாக்டர் தன் கையாலேயே பலருக்கும் நாலு நாலு போர்வை போர்த்தினாள். ஆனால் மூன்றாம் நாள் வந்தால் நோயாளி வெட்டி வெட்டி இழுத்துப் போய்விடுவார். மூன்றாம் நாளைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை.

ஒருநாள் காலையில் அவள் முக்காலியில் நின்று ஒரு கட்டிலில் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் கை தொங்கியது. அதை எடுத்துப் போர்வைக்குள் வைக்கப் போனவள், விரல் பட்ட இடத்திலேயே நின்றுவிட்டாள். இடது கையில் ஒரு நாடி, வலது கையில் ஒரு நாடி. இரண்டும் ஒரே சமயத்தில் துடித்தன.

"நர்ஸம்மா, இங்க வாங்க. இவங்க ரெண்டு பேர் கையையும் சேர்த்துப் புடிங்க."

நர்ஸம்மா முப்பது வருஷம் அந்த வார்டில் வேலை பார்த்தவர். பிடித்துப் பார்த்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார். அதற்கடுத்த கட்டிலுக்கும் போனார். திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"எல்லாருக்கும் ஒண்ணாத்தான் அடிக்குது, டாக்டரம்மா."

சின்ன டாக்டர் முக்காலியை இழுத்துக்கொண்டு வார்டு முழுக்கப் போனாள். பத்தொன்பது நெஞ்சுகள். சுமைக்காரர், சமையல்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள். எல்லோருடைய இதயமும் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முறை, ஒரே தாளத்தில், ஒன்று முந்தாமல் ஒன்று பிந்தாமல் துடித்துக்கொண்டிருந்தது. பயப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு வியப்பில் மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பெரிய ஒன்றின் பக்கத்தில், கையில் ஒரு ரப்பர் குழாயோடு நிற்கிறோமே என்று தோன்றியது. சாகக் கிடக்கிறவர்கள் நடுவே இப்படி வாய் பிளந்து நிற்கிறோமே என்று அடுத்த கணமே வெட்கமும் வந்தது.

பெரிய டாக்டரிடம் ஓடினாள். அவர் மேஜையில் சாய்ந்து, தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வந்துருச்சு" என்றார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாடி ஒண்ணா அடிச்சா என்ன, தனித்தனியா அடிச்சா என்ன? சேதியில இருக்கறபடி செய். புதுசா எதையும் கிழிக்க வேண்டாம்" என்றார்.

செய்தாள். அவரும் மூன்றாம் நாள் போனார். அதோடு அந்த நிலையத்துக்கு அவள் ஒருத்திதான் டாக்டர். அதுவரை பதினேழு பேர் அவளே போர்த்திய போர்வைக்குள்ளேயே கண் மூடியிருந்தார்கள். மற்ற வார்டுகளையும் சேர்த்தால் நாற்பத்தொன்று.

அன்று மத்தியானம் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் சலவைக்கூடத்துக்குத்தானே போகும்?

"உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?" என்றாள் அக்கா, பல் தந்தியடிக்க. நகத்தடியில் நீலக் கோடு ஓடியிருந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் கிடங்கிலிருந்து ஆள் வந்தது. தூங்குமூஞ்சி கிடைத்துவிட்டானாம்.

தூங்குமூஞ்சி என்பது ஒரு சுமைக்காரனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். நின்றுகொண்டே தூங்குவான். பனிக்கட்டியை இறக்கிய ஆறு பேரில் அவனும் ஒருவன். ஐந்து பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், இவன் வரவில்லை. நோய்க்குப் பயந்து எங்கேயோ பதுங்கிவிட்டான் என்று ஊர் பேசியது. பதினோரு நாள் கழித்து, காய்கறி வைக்கும் குளிர் அறையில், பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்திருக்கிறான்.

அவள் போனபோது அவன் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பச்சை முட்டைக்கோஸைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். நகம் சுத்தமாக இருந்தது. நாடி ஒழுங்காக, அவனுடையதாக, தனியே துடித்தது.

"ஏன்ப்பா இங்க வந்து படுத்த?"

"உடம்பு நடுங்குச்சுங்க. ஆனா குளிரல. சூடுதான் தாங்க முடியல. இங்க வந்து படுத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்." பிறகு தயங்கிக் கேட்டான். "லீவு போட்டுக்கலாமுங்களா?"

அந்த அறையில் குளிர் நாலு டிகிரி. ஒட்டுப் போட்ட சட்டையோடு அங்கே படுத்தவன் விடிவதற்குள் விறைத்துப் போயிருக்க வேண்டும். பதினோரு நாள் கிடந்திருக்கிறான். அப்படியென்றால் அவன் உள்ளே இருந்தது எதுவோ, அது அவனைக் கொல்லவில்லை. பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. இருட்டிலும் பனியிலும் பிறந்த ஒன்று அது. தனக்குப் பழக்கப்பட்ட குளிரை உடம்புக்குள் உண்டாக்கப் பார்க்கிறது. நாம்தான் மேலே மேலே போர்த்தி, அதை வேகவைக்கிறோம். அது சாகும்போது ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிவரை அவள் நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே நினைவில்லை. பதினேழு பேர் என்ற எண் மட்டும் காலடிக்குக் காலடி கேட்டுக்கொண்டே வந்தது.

நர்ஸம்மா முதலில் ஒப்பவில்லை. "ஒரு சோம்பேறி பிழைச்சான்னு ஊரையே ஐஸ்ல வெப்பீங்களா? அந்த ஊர்ல எத்தனை பெரிய டாக்டருங்க யோசிச்சு எழுதியிருக்காங்க."

"அவங்க எழுதின மாதிரி செஞ்சதுல எத்தனை பேர் பிழைச்சாங்க, நர்ஸம்மா?"

நர்ஸம்மா பக்கத்தில் கிடந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

யாரை முதலில் குளிரில் வைப்பது? அடுத்த வீட்டுப் பிள்ளையை ஆற்றில் இறக்கி ஆழம் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அத்தானைத் தேடிப் போனாள். அவர் வெப்ப அறையில், அக்கா தனியே கிடந்த அறைக்குப் போகும் குழாயில் கைவைத்து நின்றிருந்தார். இன்னும் கொஞ்சம் சூடு அனுப்ப முடியுமா என்று வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்கா அறைக்குச் சூட்டை நிறுத்தணும். கொஞ்சம் ஆறினதும் அவளைக் குளிர் அறைக்குக் கொண்டு போகணும்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தூங்குமூஞ்சியைச் சொன்னாள், நாடியைச் சொன்னாள், பதினேழு பேரையும் சொன்னாள்.

"தப்பாப் போனா?"

"தப்பாப் போனா அக்கா போயிடுவா. இப்படியே வெச்சிருந்தாலும் மூணாம் நாள் போயிடுவா."

"நிச்சயமா உனக்கு?"

"இல்ல, அத்தான். எனக்கு ஒண்ணும் நிச்சயமாத் தெரியாது."

அவள் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் மறுத்திருப்பார். அவள் வால்வை நோக்கிக் கை நீட்டியபோது தடுத்தார். "நீ தொடாத. நாளைக்கு ஏதாவது ஆனா, உன் கைதான்னு உன் மனசு சொல்லும். நான் மூடுறேன்." மூடினார். குழாய் ஆறி, உள்ளுக்குள் கிளிக் கிளிக்கென்று சுருங்கும் சத்தம் கேட்டது.

அக்காவைக் குளிர் அறையில் கிடத்தினார்கள். கிடத்திய கால் மணியில் நடுக்கம் நின்றது. "நல்லா இருக்குடி" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். பிறகு பேசவில்லை. நாடி நிமிஷத்துக்கு எட்டு ஆனது, நாலு ஆனது, கடைசியில் ஒன்றாயிற்று. அத்தான் மூன்று கோட்டு மாட்டிக்கொண்டு, பெட்டி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, மனைவியின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் வந்தது. இழுப்பு வரவில்லை. நாலாம் நாள் காலையிலும் நாடி துடித்துக்கொண்டிருந்தது.

சேதி காற்றாய்ப் பரவியது. முந்தின நாள் வரை 'அக்காவையே ஐஸ்ல போட்ட பொண்ணு' என்று திட்டிய தெருக்காரர்கள், இப்போது தங்கள் நோயாளிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றார்கள். காய்கறியையும் மாவு மூட்டைகளையும் வெளியே எடுத்துப் போட்டு இடம் பண்ணினார்கள். ஒரு வாரத்துக்குள் நூற்றறுபத்து மூன்று பேர் வெளிச்சுவரை ஒட்டிய ஆறு கிடங்குகளில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். யாருடைய மூச்சும் கேட்காது. விளக்கைக் குறைத்தால், ஒவ்வொருவர் கழுத்திலும் தோலுக்கடியில் மெல்லிய நீல ஒளி தெரியும். நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஆறு கிடங்கிலும், நூற்றறுபத்து மூன்று பேரிலும் அது ஒன்றாகக் கூடி, ஒன்றாக மங்கும். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பதினோராம் நாள் அக்காவின் உதட்டில் வெண்மையாக ஏதோ படிந்தது. அத்தான் துடைக்கப் போனார். சின்ன டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா மூச்சு விட்டாள். நீளமான மூச்சு. அதோடு பொடிப்பொடியாக, உப்பைவிட நுண்ணிய பனித்துகள்கள் வெளியே வந்தன. கீழே விழவில்லை. காற்றில் நூல்போலக் கோத்துக்கொண்டு, அறையிலேயே மிகக் குளிர்ந்த இடமான வெளிச்சுவரைத் தேடி நகர்ந்தன. சுவரில் போய் ஒட்டி, கிளை கிளையாகப் பரவி நின்றன. அக்காவின் நகத்தில் நீலம் போய்விட்டது. அவள் இருமினாள். மணிக்கட்டில் நாடி அவளுக்கே உரிய அவசரத்தோடு ஓட ஆரம்பித்தது.

அடுத்த நாட்களில் ஒவ்வொருவராக அப்படியே மூச்சுவிட்டார்கள். நான்கு பேர் மட்டும் எழவில்லை. அவர்கள் மிகவும் பிந்தி வந்தவர்கள், சூட்டில் இரண்டு நாள் கிடந்தவர்கள். மற்ற நூற்றைம்பத்தொன்பது பேரும் பிழைத்தார்கள். கிடங்குச் சுவர்கள் தரையிலிருந்து கூரைவரை பூத்துப்போய் நின்றன.

கொளுத்திவிட வேண்டும் என்றார்கள் பலர். இத்தனை பேரைப் பறிகொடுத்த ஊர் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. நிலையத் தலைவர் அவளைக் கேட்டார். "நெருப்பு வெச்சா அது செத்துப் போகும். ஆனா சாகும்போது என்ன செய்யும்னு பாத்துட்டோம். வந்த வழியே போகட்டும், சார்" என்றாள்.

ஆட்களை வெளியேற்றி, கிடங்குகளின் வெளிக்கதவுகளை அத்தான் ஒவ்வொன்றாகத் திறந்தார். உள்தெருக் கண்ணாடி ஜன்னல்களில் ஊரே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சுவரில் ஒட்டியிருந்தது உரிந்து, மெல்ல வெளியே மிதந்தது. ஆறு கதவிலிருந்தும் வந்தவை நிலையத்துக்கு வெளியே ஒன்றாகச் சேர்ந்தன. தூரத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் பட்டபோது, அத்தனை அகலமான ஒரு திரை, நீலமும் வெள்ளையுமாக, அவர்கள் கண்முன் விரிந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை அது முழுசும் ஒளிர்ந்து அடங்கியது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா, அதைச் சபிப்பதற்கென்றே வந்து நின்றவர், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் அது நிலையத்தோடு கூடவே வந்தது. பிறகு இருட்டுக்குள் விலகிப் போனது.

அது என்ன, அதற்கு உயிர் உண்டா, நூற்றுக்கணக்கான இதயங்களை எதற்காக ஒன்றாகத் துடிக்கவைத்தது என்று சின்ன டாக்டரைக் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்பாள். வாழ்நாள் முழுவதும் அதே பதில்தான்.

அதற்குப் பிறகு அவள் செய்த ஒரு காரியம் பலருக்குத் தெரியாது. தான் போர்த்திய பதினேழு பேரின் வீடுகளுக்கும் தனியாகப் போனாள். ஆறாவது வீடு ஒரு பற்றவைப்புக்காரருடையது. அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நான்தான் போர்வை போர்த்தினேன். போர்த்தாம இருந்திருந்தா அவர் இருந்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அஞ்சாவது போர்வையை வீட்லேர்ந்து கொண்டு வந்து போட்டது நாந்தான்" என்றார். இருவரும் அந்தப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பதினான்காவது வீட்டில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். மூடிய கதவுதான். இன்றுவரை அந்த வீட்டுக்காரர்கள் அவளிடம் வைத்தியத்துக்கு வருவதில்லை. அவள் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை.

நோய் புறப்பட்ட அந்தத் தூரத்து ஊருக்கு, ஆறே வரியில் ஒரு சேதி எழுதி அனுப்பினாள். 'போர்த்தாதீர்கள். குளிரில் வையுங்கள். பதினோரு நாள் பொறுங்கள். மூச்சில் வெளியே வரும். தடுக்காதீர்கள். வெளியே விட்டுவிடுங்கள்.' போய்ச் சேர நாலு வருஷம், பதில் வர நாலு வருஷம். அதற்குள் எத்தனை பேரோ.

அந்த எட்டு வருஷத்தில் அவள் முக்காலி மேல் ஏறி இறங்கி நூறு பிரசவம் பார்த்தாள். நர்ஸம்மா ஓய்வு பெற்றார். சின்ன டாக்டர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. தூங்குமூஞ்சி தன்னால்தான் ஊர் பிழைத்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அதில் பாதி உண்மை இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

பதில் ஒரு வேலைநாள் காலையில், ஒருத்தனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. எழுதியவர் பெயர் தெரியாத ஒரு டாக்டர். அந்த ஊரில் நோய் அலை அலையாகத் திரும்பி வந்துகொண்டிருந்ததாம். மூன்றாவது அலையின் பதினாலாம் நாள் அவளுடைய ஆறு வரி கிடைத்ததாம். கிடைத்த அன்றே போர்வைகளை விலக்கினார்களாம். படுத்தவர்கள் எண்ணூறு பேர், எழுந்தவர்கள் எழுநூற்று எழுபது. கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். 'எழுந்தவர்கள் சில நாள் யாரோடும் பேசாமல், ஜன்னலருகே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அழவில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படித்தானா? கவலைப்பட வேண்டுமா?'

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். கட்டுப் போட வந்தவன், "கெட்ட சேதியாங்க, டாக்டர்?" என்று கேட்டான். இல்லை என்று தலையசைத்தாள்.

தான் எழுதும் பதில் போய்ச் சேர்வதற்குள் அந்த எழுநூற்று எழுபது பேரும் பேச ஆரம்பித்து, சண்டை போட்டு, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்றிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. கட்டை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதினாள். 'எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஒரே ஒருவனைத் தவிர. கவலை வேண்டாம், ஒரு வாரத்தில் பேசுவார்கள். என் அக்கா எட்டாம் நாள் பேசினாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். ரொம்ப தூரம் என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.'